காற்றைக் கிழித்த நால்வர்: கடைக்குட்டி ஸ்டான்கியெவிச்சின் கதை

திருவிழாக் காலத்தில் நம் ஊர்த் திடல்களில் சைக்கிள் சுற்றும் வித்தையைப் பார்க்காதவர் யார்? நடுவில் ஒரு கம்பம் நட்டிருக்கும். அதைச் சுற்றி ஒருவர் இரவும் பகலும் இறங்காமல் சைக்கிள் ஓட்டுவார். ஒலிபெருக்கியில் பாட்டு முழங்கும். ஊரார் கூடி நின்று பார்ப்பார்கள். சிலர் அவர் சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்திவிட்டுப் போவார்கள். எத்தனை நாள் சுற்றினாலும் அவர் போய்ச் சேருவது புறப்பட்ட இடத்துக்கேதான்.

ஐரோப்பாவில் ஒரு வீரர் இப்படி வட்டமாகவே சைக்கிள் ஓட்டிப் புகழ் பெற்றார். ஆனால் அவர் போட்ட வட்டங்கள் வெறும் வித்தையாகப் போய்விடவில்லை. நூறு ஆண்டுகளுக்கு மேல் உலகப் படத்திலேயே இல்லாதிருந்த ஒரு நாட்டின் பெயரை அவை ஒலிம்பிக் பதக்கப் பட்டியலில் எழுதி வைத்தன. பின்னர், அந்த நாட்டை மறுபடியும் படத்திலிருந்து அழிக்க ஒரு படை வந்தது. அது அந்த வீரரையும் விட்டு வைக்கவில்லை.

அந்த நாடு போலந்து. அந்த வீரர் தோமாஷ் ஸ்டான்கியெவிச்.

நாடு இல்லாத நாட்டில் பிறந்தவர்

1902-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் தேதி வார்சா நகரில் ஸ்டான்கியெவிச் பிறந்தார். இன்று வார்சா போலந்தின் தலைநகரம். ஆனால் அவர் பிறந்த நாளில் போலந்து என்று ஒரு நாடே கிடையாது.

ஒரு காலத்தில் போலந்து பெரிய ராஜ்யமாக இருந்தது. அதன் அண்டை வீட்டார் மூவர்: ருஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா. மூவருமே பலசாலிகள். 1772, 1793, 1795 ஆகிய மூன்று ஆண்டுகளில், மூன்று தவணையாக, போலந்தை அவர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். மூன்றாவது பங்கீடு முடிந்தபோது போலந்தில் மிச்சம் எதுவும் இல்லை. வார்சா பிற்பாடு ருஷ்யச் சக்கரவர்த்தியின் கைக்குப் போயிற்று. கிராக்கோவும் லுவோவும் ஆஸ்திரியாவிடம் இருந்தன. மேற்குப் பகுதி ஜெர்மானியரிடம் இருந்தது.

போலந்து மக்கள் சும்மா இருக்கவில்லை. 1830-லும் 1863-லும் பெரும் புரட்சிகள் மூண்டன. இரண்டும் நசுக்கப்பட்டன. அதன் பிறகு ருஷ்ய ஆட்சி இன்னும் இறுகியது. அரசாங்கப் பள்ளிகளில் ருஷ்ய மொழியே பாடமொழி ஆயிற்று. வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி என்று குழந்தைகள் வளர்ந்தார்கள். அந்த நிலை எப்படி இருக்கும் என்று அந்நியர் ஆட்சியைக் கண்ட நமக்கு விளக்க வேண்டியதில்லை.

வார்சாவில் சைக்கிள் மோகம்

அந்த இருண்ட காலத்தில்தான் சைக்கிள் வார்சாவுக்குள் நுழைந்தது. 1886-இல் அங்கே சைக்கிள் ஓட்டுவோர் சங்கம் தோன்றியது. 1892-இல் தினாசி என்ற இடத்தில் அந்தச் சங்கம் ஒரு பந்தய வட்டம் அமைத்தது. நகரின் நடுவே, விஸ்துலா நதிக்கரை மேட்டின் சரிவில் அது இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் வார்சா மக்கள் அங்கே திரண்டார்கள். புகழ் பெற்ற நாவலாசிரியர் போலஸ்வாவ் புரூஸ் கூட அந்தச் சங்கத்தில் சேர்ந்து சைக்கிள் ஓட்டியவர்தான்.

வார்சாவில் பிறந்த இன்னொருவரையும் இங்கே சொல்ல வேண்டும். ரேடியம் கண்டுபிடித்த மேரி கியூரி அம்மையார் 1895-இல் திருமணம் செய்துகொண்டபோது, தேனிலவுக்குப் போனது எதில் தெரியுமா? சைக்கிளில்தான்! கணவரும் மனைவியும் ஆளுக்கொரு சைக்கிளில் பிரான்ஸ் நாட்டுக் கிராமங்களைச் சுற்றினார்கள். அந்தக் காலத்து வாலிபர்களுக்கு சைக்கிள் என்றால் விடுதலை என்று பொருள். குதிரை வளர்க்கப் பணம் வேண்டும். ரயிலுக்குச் சீட்டு வேண்டும். சைக்கிளுக்கு இரண்டு கால் போதும்.

சொந்தக் கொடி பறக்க முடியாத ஊரில் ஒரு விளையாட்டுச் சங்கம் என்பது சிறிய விஷயம் அல்ல. அங்கே போலந்து மக்கள் போலந்து மக்களாகவே கூட முடிந்தது. அந்த வார்சாவில் வளர்ந்த பிள்ளைதான் ஸ்டான்கியெவிச்.

பிரேக் இல்லாத சைக்கிள்

நாம் கடைக்குப் போகும் சைக்கிள் வேறு. பந்தய வட்டத்தில் ஓடும் சைக்கிள் வேறு. அதற்கு பிரேக் கிடையாது. மிதிப்பதை நிறுத்திவிட்டுச் சும்மா உருளவும் முடியாது. பின் சக்கரமும் பெடலும் ஒன்றோடொன்று கட்டுண்டவை. சக்கரம் சுற்றும் வரை கால்களும் சுற்றியே ஆக வேண்டும். வேகத்தைக் குறைக்க வேண்டுமானால் கால்களாலேயே எதிர்த்து அழுத்த வேண்டும்.

பாதையும் சமதளமாக இராது. முட்டை வடிவத்தில், வளைவுகளில் உட்புறம் சாய்ந்து, கிண்ணத்தின் உள்பக்கம் போல இருக்கும். வேகமாக ஓட்டினால்தான் அந்தச் சரிவில் நிற்க முடியும். மெதுவாகப் போனால் சறுக்கி விழ வேண்டியதுதான். தயங்கினவனுக்கு அங்கே இடமில்லை.

விடுதலை வந்தது

ஸ்டான்கியெவிச்சுக்குப் பன்னிரண்டு வயது நடந்தபோது, 1915 ஆகஸ்டில், முதல் உலக யுத்தத்தின் நடுவே ஜெர்மானியப் படை வார்சாவைப் பிடித்தது. ருஷ்யர் போனார்கள், ஜெர்மானியர் வந்தார்கள். அவருக்குப் பதினாறு வயது நிரம்ப ஒரு மாதத்துக்குச் சற்று மேல் இருந்தபோது, 1918 நவம்பர் 11-ஆம் தேதி, யுத்தம் ஓய்ந்தது. மூன்று சாம்ராஜ்யங்களும் சரிந்தன. 123 ஆண்டுகளுக்குப் பிறகு போலந்து மறுபடி பிறந்தது.

பிறந்த குழந்தைக்கு உடனே ஆபத்தும் வந்தது. சோவியத் படையுடன் யுத்தம் மூண்டது. 1920 ஆகஸ்டில் அந்தப் படை வார்சாவின் வாசல் வரை வந்துவிட்டது. அந்த ஆண்டுதான் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரில் ஒலிம்பிக் நடந்தது. போலந்து போக முடியவில்லை. வீட்டு வாசலில் பீரங்கி முழங்கும்போது பந்தயத்துக்கு யார் போவார்கள்?

அதற்கு முன் போலந்து வீரர்கள் ஒலிம்பிக்கில் ஓடியதே இல்லையா என்றால், ஓடியவர்கள் உண்டு. ஆனால் ருஷ்யாவின் பெயரிலும் ஆஸ்திரியாவின் பெயரிலும் ஓடினார்கள். வியர்வை இவர்களுடையது, பெயர் வேறொருவருடையது.

ஆகவே 1924-இல் பாரிஸ் நகரில் கோடைக்கால ஒலிம்பிக் கூடியபோது, போலந்து முதல் முறையாகச் சொந்தப் பெயரில், வெள்ளையும் சிவப்புமான சொந்தக் கொடியுடன் அதில் கலந்துகொண்டது.

நால்வர் சேர்ந்த விதம்

சைக்கிள் வட்டப் பந்தயத்துக்கு நால்வர் அணி ஒன்று புறப்பட்டது. அந்த நால்வரின் பிறப்பைப் பார்த்தாலே போலந்தின் கதை விளங்கும்.

பிரான்சிஷேக் ஷிம்சிக் 1892-இல் லுவோவ் நகரில் பிறந்தவர். அதே ஆண்டில் யான் வாசார்ஸ்கி கிராக்கோவில் பிறந்தார். இரண்டு ஊர்களும் அப்போது ஆஸ்திரியாவின் கையில் இருந்தன. யூசெப் லாங்கே 1897-இல் வார்சாவில், ருஷ்ய ஆட்சியில் பிறந்தவர். நான்காமவர் ஸ்டான்கியெவிச், வயது 21. நால்வரில் அவரே கடைக்குட்டி. மூத்தவர்கள் இருவருக்கும் அவரை விடப் பத்து வயது அதிகம்.

ஆறே ஆண்டுகளுக்கு முன்பு வரை இவர்களில் இருவர் ஒரு சக்கரவர்த்தியின் பிரஜைகளாகவும், இருவர் வேறொரு சக்கரவர்த்தியின் பிரஜைகளாகவும் பிறந்து வளர்ந்தவர்கள். யுத்தத்தில் அந்த இரண்டு சக்கரவர்த்திகளின் படைகளும் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டன. இப்போது நால்வரும் ஒரே நிறச் சட்டையில், ஒரே வரிசையில், ஒருவர் சக்கரத்தை ஒருவர் நம்பி ஓட்ட வேண்டும்.

நம்பி என்று சொல்வது அலங்காரத்துக்காக அல்ல. அவர்கள் கலந்துகொண்ட பந்தயமே அப்படிப்பட்டது.

ஆடிக் காற்றும் அணிப் பந்தயமும்

ஆடி மாதத்தில் அவிநாசியிலிருந்து கோவைக்கு சைக்கிளில் போகிறவர்களுக்கு மேல்காற்றின் பலம் தெரியும். பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து வரும் காற்று முகத்தில் அறையும். மிதிக்க மிதிக்க சைக்கிள் நகராது. அப்போது முன்னால் ஒருவர் போனால், அவர் முதுகை ஒட்டிப் பின்னால் போகிறவருக்குப் பாரம் இறங்கியது போல் இருக்கும். முன்னால் போகிறவர் காற்றை வாங்கிக்கொள்கிறார். பின்னால் வருகிறவர் அந்த நிழலில் வருகிறார். கூட்டாகப் போகும் மில் தொழிலாளர்கள் முறை மாற்றிக்கொண்டு முன்னால் போவார்கள்.

அணிப் பந்தயத்தின் ரகசியமும் இதுதான். பந்தய வட்டத்தில் காற்றே வீசாவிட்டாலும், மணிக்கு 45 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் போகும்போது எதிர்க்காற்று தானாகப் பிறக்கிறது. ஆகவே நால்வரும் ஒருவர் பின் ஒருவராகக் கோடு போட்டது போல ஓட்டுவார்கள். முதல் ஆள் காற்றை உடைப்பார். சிறிது தூரம் போனதும் அவர் வளைவில் சரிவின் மேல்பக்கம் ஏறி விலகுவார். மற்ற மூவரும் அவருக்குக் கீழே சீறிக்கொண்டு போவார்கள். உடனே அவர் இறங்கி வரிசையின் கடைசியில் ஒட்டிக்கொள்வார். இப்படியே முறை மாறும்.

ஒரு சக்கரத்துக்கும் அடுத்த சக்கரத்துக்கும் இடையே சில அங்குலம்தான் இடைவெளி. இடைவெளி கூடினால் காற்று நடுவில் புகுந்துவிடும். குறைந்தால் சக்கரம் சக்கரத்தில் உரசும், நால்வரும் விழுவார்கள். பிரேக்கும் இல்லை என்பதை மறக்க வேண்டாம்!

எதிரணியின் நால்வர் வட்டத்தின் நேர் எதிர்ப்பக்கத்தில் ஒரே நேரத்தில் புறப்படுவார்கள். 4,000 மீட்டர் தூரம். இடையில் ஓர் அணி மற்றதைத் துரத்திப் பிடித்துவிட்டால் அத்துடன் வெற்றி. இல்லாவிட்டால் கடிகாரம் தீர்ப்புச் சொல்லும். ஒருவர் மட்டும் சூரராக இருந்து பயனில்லை. அவர் மட்டும் பாய்ந்து போனால் வரிசை அறுந்துவிடும். நல்ல வீரருக்கு அடையாளம், தன் பலத்தை மற்றவர்களின் பலத்தோடு சேர்த்து அளந்து செலவிடுவதுதான்.

1924 ஜூலை 27

பாரிஸ் நகரை ஒட்டிய வின்சென் என்ற வனப்பகுதியில் பந்தய வட்டம் இருந்தது. அது 1900-ஆம் ஆண்டு ஒலிம்பிக்கின்போதும் பயன்பட்ட பழைய களம். ஒரு சுற்று 500 மீட்டர். எட்டுச் சுற்றில் பந்தயம் முடிந்துவிடும்.

ஜூலை 27-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. நம் கணக்கில் ஆடி மாதம். போலந்து அணி இறுதிப் போட்டிக்கு வந்திருந்தது! ஆறு வயது நாடு, முதல் கோடைக்கால ஒலிம்பிக், முதல் முயற்சி. எதிரே நின்றது இத்தாலி.

இத்தாலி சாதாரண எதிரி அல்ல. இந்தப் பந்தயத்தில் 1920-இல் தங்கம் வென்ற நாடு அது. 1928-லும் 1932-லும் கூட அதுவே வென்றது. அந்தக் காலத்தில் அணிப் பந்தயம் என்றால் இத்தாலி, இத்தாலி என்றால் அணிப் பந்தயம்.

இரண்டு அணிகளும் புறப்பட்டன. ஐந்து நிமிடத்துக்கு மேல் சிறிது நேரம். எட்டுச் சுற்றுகள் முடிந்தன. இத்தாலி வென்றது. போலந்துக்கு வெள்ளிப் பதக்கம். பெல்ஜியம் வெண்கலம் பெற்றது.

அதே நாளில் பாரிசின் வேறொரு மைதானத்தில், குதிரை தாண்டும் போட்டியில் போலந்து ராணுவ அதிகாரி குருலிக்கியெவிச் வெண்கலம் வென்றார். ஆக, போலந்து என்ற பெயரில் ஒலிம்பிக்கில் கிடைத்த முதல் இரண்டு பதக்கங்களும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வந்தன. ஒன்று குதிரையில் வந்தது. ஒன்று சைக்கிளில் வந்தது.

இரண்டாம் இடம்தானே என்று நினைக்கலாம். தோற்ற அணிக்கு இத்தனை புகழா என்றும் கேட்கலாம். கொடி காத்த குமரன் உயிர் கொடுத்த திருப்பூர் அவிநாசிக்குப் பக்கத்து ஊர். ஒரு துணிக்கொடியின் விலை என்ன என்பதை 1932 ஜனவரியில் அந்த மண் பார்த்தது. அப்படிப்பட்ட கொடி, உலகம் கூடிய சபையில் மரியாதையோடு ஏறுகிறது என்றால், அது எத்தனாவது கம்பத்தில் ஏறினால் என்ன?

அதே 1924-இல் இந்தியாவிலிருந்தும் சிறு அணி ஒன்று பாரிசுக்குப் போயிருந்தது. ஓட்டம், தாண்டல், டென்னிஸ் ஆகியவற்றில் நம்மவர் கலந்துகொண்டார்கள். அன்று நமக்குச் சொந்தக் கொடி இல்லை. 1948-இல் லண்டனில் ஹாக்கி இறுதிப் போட்டியில் பிரிட்டனை 4-0 என்று வென்று தங்கம் பெற்றபோது நமக்கு என்ன பூரிப்பு உண்டாயிற்றோ, அந்தப் பூரிப்பு 1924-இல் வார்சாவுக்கு உண்டாயிற்று. அந்த லண்டன் ஒலிம்பிக்கில்தான் இந்தியாவின் சைக்கிள் வீரர்களும் முதல் முறையாக ஒலிம்பிக் வட்டத்தில் இறங்கினார்கள் என்பதும் நினைவில் வைக்கத்தக்கது.

மீண்டும் இருள்

1928-இல் ஆம்ஸ்டர்டாமில் லாங்கே மறுபடி போலந்துக்காக ஓட்டினார். அந்த ஒலிம்பிக்கில் வட்டு எறிதலில் ஹலினா கோனோபாட்ஸ்கா என்ற வீராங்கனை போலந்தின் முதல் தங்கத்தை வென்றார். 1932-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் 10,000 மீட்டர் ஓட்டத்தில் யானுஷ் குசோச்சின்ஸ்கி தங்கம் வென்றார். வெள்ளியில் தொடங்கிய வரிசை வளர்ந்துகொண்டே போயிற்று.

சுதந்திரப் போலந்துக்குக் கிடைத்த ஆயுள் இருபத்தோர் ஆண்டுகள்தான். 1939 செப்டம்பர் 1-ஆம் தேதி ஹிட்லரின் படை மேற்கிலிருந்து பாய்ந்தது. செப்டம்பர் 17-ஆம் தேதி சோவியத் படை கிழக்கிலிருந்து நுழைந்தது. குண்டு வீச்சிலும் பீரங்கித் தாக்குதலிலும் சிதைந்த வார்சா செப்டம்பர் 28-ஆம் தேதி சரணடைந்தது. போலந்து மறுபடி பங்கு போடப்பட்டது.

இந்த முறை வந்தவர்களின் நோக்கம் நிலம் பிடிப்பதோடு நிற்கவில்லை. போலந்து மக்களுக்கு வழிகாட்டக் கூடியவர் எவரும் மிஞ்சக் கூடாது என்று அவர்கள் திட்டம் போட்டார்கள். 1940-ஆம் ஆண்டின் வசந்தத்திலும் கோடையிலும் அந்தத் திட்டம் நிறைவேறியது. அரசியல் தலைவர்கள், ஆசிரியர்கள், வழக்கறிஞர்கள், பாதிரிமார்கள் ஆயிரக்கணக்கில் பிடிபட்டார்கள். ஊரார் மதிக்கும் விளையாட்டு வீரர்களும் தப்பவில்லை.

குசோச்சின்ஸ்கி அப்போது வார்சாவில் ஒரு சிற்றுண்டிச் சாலையில் பரிமாறிக்கொண்டிருந்தார். போட்டிகள் நின்றுபோனதால் பிழைப்பிழந்த விளையாட்டு வீரர்கள் பலர் அங்கே வேலை பார்த்தார்கள். ஒலிம்பிக் தங்கம் வென்ற கையால் காப்பித் தட்டு ஏந்தினார் அவர். ரகசிய எதிர்ப்பு இயக்கத்திலும் அவருக்குப் பங்கு இருந்தது. 1940 மார்ச்சில் அவரைக் கைது செய்தார்கள்.

கைதானவர்களைக் கொண்டுபோய் அடைத்த இடம் பவியாக் சிறை. அது 1830-களில் ருஷ்யச் சக்கரவர்த்தி ஆட்சி கட்டிய சிறை. புரட்சிக்காரர்களைப் பூட்டி வைத்த அந்தச் சிறைக்கு இப்போது ஜெர்மானியர் பூட்டுப் போட்டார்கள். காவலர் மாறினார்கள், கைதிகள் மாறவில்லை. அவர்கள் என்றும் போலந்து மக்கள்தான். அந்தக் கைதிகளில் ஸ்டான்கியெவிச்சும் ஒருவரானார்.

பல்மீரிக் காடு

வார்சாவின் வடமேற்கே கம்பினோஸ் என்ற பெருங்காடு இருக்கிறது. அதன் ஓரத்தில் பல்மீரி என்ற சிறு கிராமம். 1939 டிசம்பர் முதல் 1941 ஜூலை வரை, பவியாக்கிலிருந்து கைதிகளை லாரிகளில் ஏற்றி அந்தக் காட்டுக்குக் கொண்டுபோனார்கள். வேறு இடத்துக்கு மாற்றுவதாகவே கைதிகள் நம்பும்படி செய்தார்கள். மூட்டை முடிச்சுகளை எடுத்துக்கொள்ளவும் அனுமதித்தார்கள். பலர் துணிமணியும் தின்பண்டமும் எடுத்துக்கொண்டு ஏறினார்கள். காட்டுக்குள் நீளமான குழிகள் முன்கூட்டியே தோண்டப்பட்டிருந்தன.

அவற்றில் மிகப் பெரிய படுகொலை 1940 ஜூன் 20, 21 தேதிகளில் நடந்தது. அன்று 358 பேர் கொண்டு செல்லப்பட்டார்கள். அவர்களில் பெண்களும் இருந்தார்கள். போலந்து நாடாளுமன்றத்தின் முன்னாள் சபாநாயகர் மாச்சே ரத்தாய் இருந்தார். ஓட்ட வீரர் குசோச்சின்ஸ்கி இருந்தார். சைக்கிள் வீரர் ஸ்டான்கியெவிச் இருந்தார்.

ஜூன் 21-ஆம் தேதி, துப்பாக்கிக் குண்டுகளுக்கு ஸ்டான்கியெவிச் பலியானார். அப்போது அவருக்கு வயது 37.

விதியின் விளையாட்டைப் பாருங்கள்! அதற்குச் சரியாக ஒரு வாரத்துக்கு முன்பு, ஜூன் 14-ஆம் தேதி, ஹிட்லரின் படை பாரிஸ் நகருக்குள் நுழைந்திருந்தது. எந்த நகரம் அந்த வாலிபருக்கு வெள்ளி மாலை சூட்டியதோ, அந்த நகரமும் அவர் மடியும்போது அதே பகைவனின் காலடியில் கிடந்தது.

பைன் மரங்கள் மறைத்தவை

கொன்றவர்கள் தடயத்தையும் மறைத்தார்கள். குழிகளை மூடி, மேலே பாசியையும் உதிர்ந்த இலைகளையும் பரப்பினார்கள். இளம் பைன் கன்றுகளை நட்டார்கள். சில ஆண்டுகளில் காடு வளர்ந்து எல்லாவற்றையும் மூடிவிடும். உலகத்துக்கு ஒன்றும் தெரியாது என்பது அவர்கள் கணக்கு.

ஆனால் காட்டுக்கு வேறு கண்களும் இருந்தன. அந்த வனத்தில் வேலை பார்த்த போலந்து வனக் காவலர்கள் மறைந்திருந்து பார்த்தார்கள். பிடிபட்டால் அவர்களுக்கும் அதே குழிதான். இருந்தும், குழிகள் இருந்த இடங்களை அவர்கள் ரகசியமாக அடையாளம் வைத்துக் காத்தார்கள். பெயர் சொல்லிக் கொண்டாடப்படாத அந்த எளிய மனிதர்கள் இல்லாவிட்டால் பல்மீரியின் ரகசியம் மண்ணோடு போயிருக்கும்.

1945-இல் யுத்தம் முடிந்தது. போலந்து தன் குடிமக்களில் ஏறக்குறைய அறுபது லட்சம் பேரை இழந்திருந்தது. அவர்களில் பாதிப் பேர் யூதர்கள். வார்சா நகரம் பெரும்பாலும் கல் குவியலாகக் கிடந்தது. அந்த நிலையிலும், அந்த ஆண்டு நவம்பர் மாதத்திலேயே, போலந்து செஞ்சிலுவைச் சங்கத்தார் பல்மீரிக் காட்டுக்குப் போனார்கள். வனக் காவலர்கள் காட்டிய இடங்களைத் தோண்டினார்கள். 1947 வரை அந்த வேலை நடந்தது. 24 குழிகளிலிருந்து 1,700-க்கு மேற்பட்ட சடலங்கள் வெளியே வந்தன. சட்டைப் பையில் இருந்த கடிதம், மூக்குக் கண்ணாடி, சாவி, மோதிரம் என்று சிறு சிறு பொருள்களைக் கொண்டு 500-க்கு மேற்பட்டோரை அடையாளம் கண்டார்கள்.

1948-இல் அந்த இடத்தில் நினைவுக் கல்லறைத் தோட்டம் எழுந்தது. வரிசை வரிசையாக வெள்ளைச் சிலுவைகள். அவற்றின் பின்னே பைன் மரங்கள். எதை மறைப்பதற்கு மரங்களை நட்டார்களோ, அதற்கே அவை இன்று நிழல் தருகின்றன.

மூவர் மிஞ்சினார்கள்

வின்சென் வட்டத்தில் ஓட்டிய நால்வரில் மற்ற மூவரும் யுத்தத்தைத் தாண்டி வாழ்ந்தார்கள். கிராக்கோவில் பிறந்த வாசார்ஸ்கி 1968-இல் மறைந்தார். லாங்கே 1972-இல் காலமானார். மூத்தவரான ஷிம்சிக் 84 வயது வரை வாழ்ந்து, 1976-இல் கண் மூடினார். அவர் பிறந்த லுவோவ் நகரம் யுத்தத்துக்குப் பின் போலந்தை விட்டே போயிற்று. இன்று அது லிவிவ் என்ற பெயரில் உக்ரேன் நாட்டில் இருக்கிறது. ஒரே மனிதரின் ஆயுளுக்குள் எல்லைக் கோடு எத்தனை முறை நகர்ந்துவிட்டது!

மூத்தவர்கள் முதுமை கண்டார்கள். கடைக்குட்டி மட்டும் கண்டதில்லை. அணிப் பந்தயத்தில் முன்னால் போகிறவர் காற்றை வாங்கிக்கொண்டு, பிறகு விலகி, வரிசையின் பின்னால் வந்து சேர்ந்துகொள்வார். ஸ்டான்கியெவிச் விலகிய பிறகு வரிசையில் வந்து சேர அவருக்கு வழி விடப்படவில்லை.

போலந்தின் சைக்கிள் வீரர்கள் ஒலிம்பிக் வட்டத்தில் அடுத்த பதக்கத்தைப் பெற 48 ஆண்டுகள் ஆயின. 1972-இல் மியூனிக் நகரில் இருவர் ஓட்டும் சைக்கிள் பந்தயத்தில் பெக், கோட்சொட் என்ற இருவர் வெண்கலம் வென்றார்கள். யுத்தத்தில் ஒரு நாடு இழப்பது கட்டிடங்களை மட்டும் அல்ல. கற்றுக்கொடுக்க வேண்டியவர்களை இழக்கிறது. கற்க வேண்டியவர்களையும் இழக்கிறது.

2024-இல் ஒலிம்பிக் மறுபடி பாரிசுக்கு வந்தது. நால்வர் அணிப் பந்தயத்தில் ஆஸ்திரேலியா 3 நிமிடம் 40 விநாடியில் 4,000 மீட்டரைக் கடந்து உலக சாதனை செய்தது. நூறு ஆண்டுகளுக்கு முன் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆன தூரம் அது. சைக்கிள் மாறிவிட்டது, களம் மாறிவிட்டது, ஒருவர் முதுகை ஒட்டி ஒருவர் போகும் விதி மட்டும் மாறவில்லை.

அந்த ஒலிம்பிக்கின் கடைசி நாளான ஆகஸ்டு 11-ஆம் தேதி, பெண்களுக்கான வட்டப் பந்தயத்தில் தாரியா பிக்குலிக் என்ற போலந்து வீராங்கனை இரண்டாவதாக வந்தார். சரியாக நூறு ஆண்டு கழித்து, அதே பாரிஸ் பகுதியில், அதே வெள்ளிப் பதக்கம் போலந்துக்குக் கிடைத்தது.

வின்சென் பந்தய வட்டம் இன்றும் இருக்கிறது. பிரெஞ்சு சைக்கிள் வீரர் ஜாக் ஆங்க்தீலின் பெயர் இப்போது அதற்குச் சூட்டப்பட்டிருக்கிறது. பல்மீரிக் கல்லறைத் தோட்டமும் இருக்கிறது. முதல் இடத்தில் எட்டுச் சுற்று ஓட்டி ஒரு நாட்டின் பெயரை உலகத்துக்குச் சொன்னார் ஸ்டான்கியெவிச். இரண்டாவது இடத்தில் அந்த நாட்டின் பெயரால் உயிரைக் கொடுத்தார். அவரைச் சுட்டவர்களின் ஆட்சி அதன் பிறகு ஐந்து ஆண்டுகள் கூட நீடிக்கவில்லை. அவர் வென்ற பதக்கம் நூறாண்டு தாண்டியும் போலந்தின் பெயரிலேயே இருக்கிறது.